1953 கவுன் என்று சொல்லிப் பதினெட்டாயிரத்தைச் சுருட்டிவிட்டார்கள்: பழைய உடை தேடுகிறவர்கள் உஷார்

பதினெட்டாயிரம். அதைத் திருப்பித் தர முடியாது என்று இன்று காலை மெயிலில் கைவிரித்துவிட்டார்கள். கை இன்னும் பதறுகிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பதுகள், ஐம்பதுகளின் கவுன், கோட்டு என்று தேடி வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

தளத்தின் பெயரை எழுதவில்லை. தனிநபர்கள் தங்களிடம் உள்ள பழைய பொருட்களை விற்பார்கள், தளம் நடுவில் நின்று கமிஷன் எடுக்கும், அந்த வகைச் செயலி. விண்டேஜ் உடைக்கென்று தனிப் பிரிவு உண்டு. ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று ஒரு பச்சை முத்திரை உண்டு. வாங்குபவர் பாதுகாப்பு என்ற பெயரில் தனியாக ஒரு கட்டணமும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் இந்தப் பதினெட்டாயிரம்.

எனக்குப் பழைய உடை ஏதோ ஒரு விழாவுக்குப் போட்டுக் கழற்றும் வேஷம் இல்லை. அன்றாடம் உடுத்துவதே அதைத்தான். வீட்டில் கையால் சுற்றும் தையல் மெஷின், மை நிரப்பி எழுதும் பேனா, சூடேறிய பிறகே பேசத் தொடங்கும் வால்வு ரேடியோ, இப்படித்தான் வாழ்கிறேன். அந்தக் காலத்து உடை ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். தையலோரத்தில் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள், உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கீழே மூன்று விரல் அகலத்துக்கு மடித்துக் கையால் தைத்திருப்பார்கள். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைப் பல்பல்லாக வெட்டியிருப்பார்கள். பல வருஷம் உடுத்துவதற்கென்று தைத்த உடைகள் அவை.

அதிலும் முழு வட்ட ஸ்கர்ட் வைத்த ஐம்பதுகளின் பருத்தி கவுன் என்றால் எனக்கு உயிர். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்கே ரேஷன். கூப்பன் இல்லாமல் புதுச் சட்டை வாங்க முடியாது, துணியை மிச்சம் பிடிக்க மடிப்புக்கும் பொத்தானுக்கும் கூட அளவு வைத்திருந்தார்கள். அந்த நெருக்கடி தீராத 1947 பிப்ரவரியில்தான் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் ஒடுங்கிய இடுப்பும் விரிந்த ஸ்கர்ட்டுமாகத் தன் தொகுப்பைக் காட்டினார். ஒரே ஸ்கர்ட்டில் மீட்டர் மீட்டராகத் துணி. அடுத்த பத்து வருஷம் உலகமே அந்த உருவத்தைத் துரத்தியது. அசல் ஐம்பதுகளின் கவுன் ஒன்று, உடுத்தும் நிலையில், என் அளவில் வேண்டும் என்று நான் ரொம்பக் காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘1953, அமெரிக்கத் தயாரிப்பு, அசல், சுத்தப் பருத்தி, ஒரே கை மாறியது’ என்று போட்டிருந்தார். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளிகள், சதுரக் கழுத்து, இடது பக்கத் தையலில் உலோக ஜிப். படங்கள் தெளிவாகவே இருந்தன, லேபிள் படம் மட்டும் மங்கல். வெளிநாட்டில் வேலை பார்த்த தன் பெரிய பாட்டி வாங்கியது, அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது என்று விற்பவர் எழுதியிருந்தார்.

பாட்டி கதையை மட்டும் கேட்டு நான் பணம் கட்டவில்லை. அந்தக் கதையை எல்லோரும்தான் சொல்கிறார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் என் அளவை எண்ணில் சொன்னதும் அவரே தடுத்தார். “அக்கா, நம்பரை நம்பாதீங்க. அந்தக் காலத்து 14ங்கிறது இப்போ உள்ள 8க்குக் கிட்டதான் வரும். டேப் வச்சு இடுப்பு, மார்பு அளந்து அனுப்புங்க, பொருந்தலைன்னா நானே வேண்டாம்னு சொல்லிடுறேன்” என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மையான தகவல். பழைய உடையோடு புழங்காத ஒருவருக்கு இது தெரிந்திருக்காது. கவுனைத் தரையில் விரித்து, இடுப்பில் டேப் வைத்துப் படமும் அனுப்பினார். உள்ளே தையல்காரத் தொழிற்சங்கத்தின் லேபிள் இருக்கிறது, அதுவே அசல் என்பதற்குச் சாட்சி என்றார். ஐஎல்ஜிடபிள்யுயூ என்ற அந்த அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபிளை வைத்துக் காலம் கணிப்பது இந்தத் துறையில் வழக்கம்தான். இவர் நம்மில் ஒருத்தி, பாட்டியின் உடையை அருமை தெரிந்தவரிடம் கொடுக்க நினைக்கிறார் என்று மனதார நம்பினேன். “நல்ல இடத்துக்குப் போகுதுக்கா, அதுவே சந்தோஷம்” என்று குரல் பதிவு வேறு. அன்று இரவே பதினெட்டாயிரத்தைச் செயலி வழியாகவே கட்டினேன்.

பெட்டி வந்தது. பழந்துணிக்கு ஒரு வாடை உண்டு, பெட்டியும் பாச்சை உருண்டையும் கலந்தது. இதில் அதுவும் இருந்தது. இப்போது யோசித்தால் அதையும் வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. போட்டுப் பார்க்கத் தலையை நுழைத்தேன். துணி இழுபட்டுக் கொடுத்தது. இழுத்து விட்டேன், பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றது. வயிற்றைக் கலக்கிவிட்டது. இப்படி இழுபடும் ஸ்பான்டெக்ஸ் இழையை டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியதே 1958இல். 1953 கவுனுக்குள் அது எப்படி வரும்?

உடனே கழற்றி உள்பக்கம் திருப்பினேன். சுற்றிலும் இன்றைய மெஷினில் ஓட்டிய ஓவர்லாக் தையல் (துணியோரத்தை நூலால் சுற்றி அடைப்பது), நூல் பளபளவென்று. சங்க லேபிளில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறமும் இருந்தது. அந்த மூவர்ண லேபிள் 1974இல் வந்து 1995 வரை இருந்தது. அதாவது அந்த வருஷங்களில் தைத்த வேறொரு துணியிலிருந்து பிய்த்து இதில் தைத்திருக்கிறார்கள். லேபிள் படம் மட்டும் ஏன் மங்கலாக இருந்தது என்று அப்போது புரிந்தது. இடது தையலுக்குள் வெள்ளை சாட்டின் நாடா ஒன்றின் அடி ஒட்டிக்கொண்டிருந்தது, கத்தரிக்கோலால் வெட்டிய மிச்சம். அதில் சலவைத் தொட்டிக் குறியின் பாதி தெரிந்தது. சலவைக் குறிகளை நிர்வகிக்கும் ஜினெடெக்ஸ் அமைப்பு தொடங்கியதே 1963இல். அமெரிக்காவில் சலவை லேபிளைக் கட்டாயமாக்கிய விதி நடைமுறைக்கு வந்தது 1972இல்.

என்னை உலுக்கியது அந்த ஜிப்தான். அது அசல். பல்லெல்லாம் உலோகம், இழுக்கும்போது அந்தக் கனத்த சத்தம். ஆனால் ஜிப்பின் நாடாவை வெளிச்சத்தில் பிடித்தபோது, இப்போதைய தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை ஊசித் துளைகள், நூல் இல்லாமல் வெறுமையாக. ஏற்கெனவே ஒரு உடையில் தைத்துப் பிரித்தெடுத்த தடம். நாடாவின் ஓரம் வெளிறிய சாம்பல் நிறம், கவுனோ புத்தம் புது நீலம். இந்த ஒரு ஜிப்புக்காக எங்கேயோ ஒரு உண்மையான பழைய உடையை அறுத்திருக்கிறார்கள். என் பணம் போனதைவிட இது வயிற்றெரிச்சல்.

சந்தேகமே மிஞ்சக் கூடாது என்று கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கறுத்த கெட்டி உருண்டையாக நின்றது. நகத்தால் நசுக்கினால் நசுங்கவில்லை. பாலியெஸ்டர். தரையில் ஸ்கர்ட்டை விரித்தேன், அரை வட்டம்கூடச் சரியாக வரவில்லை. படத்தில் விரித்திருந்தது வேறு கவுன்.

விற்றவருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். “அப்படியா, பாக்குறேன்கா” என்று முதலில் வந்தது. அப்புறம், “நீங்க வாஷ் பண்ணீங்களா?” பிரித்தே முழுதாக ஒரு மணி நேரம் ஆகவில்லை! அப்புறம், “பழசுன்னா இடையில யாராவது ஆல்டர் பண்ணியிருப்பாங்க, அதுக்கு நான் என்ன பண்றது?” ஆல்டர் செய்தால் பருத்தி பாலியெஸ்டராக மாறுமா என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார். அன்று மாலையே விளம்பரத்தின் விவரத்தையும் மாற்றிவிட்டார். ‘1953, அசல்’ இருந்த இடத்தில் ‘1950களின் பாணி’. நல்ல வேளை, பணம் கட்டும் முன்பே முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

சரி, தளம் இருக்கிறதே, பாதுகாப்புக் கட்டணம் வாங்கியிருக்கிறார்களே என்று அங்கே போனேன். முதலில் தானியங்கிப் பதில்: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். அடுத்து ஒருவர் வந்தார், படங்களை எல்லாம் மறுபடி கேட்டார், அனுப்பினேன். அவர் போய் இன்னொருவர் வந்தார், முதலிலிருந்து கேட்டார். மூன்றாமவர், “விளம்பரத்தில் ‘பாணி’ என்றுதானே இருக்கிறது” என்றார். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். வெளியிலிருந்து வரும் படங்களை ஆதாரமாக ஏற்க முடியாதாம். விளம்பரம் எப்போது திருத்தப்பட்டது என்பது உங்கள் சர்வரிலேயே இருக்குமே, பாருங்கள் என்றேன். அந்தக் கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. போலி என்பதற்கு ‘அங்கீகரிக்கப்பட்ட நிபுணரின் சான்றிதழ்’ கொண்டு வரச் சொன்னார்கள். யார் அங்கீகரித்த நிபுணர், பட்டியல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அது எங்கள் பொறுப்பு அல்ல. பச்சை முத்திரை எதைச் சரிபார்த்துக் கொடுத்தது என்று கேட்டேன். விற்பவரின் போன் நம்பரையும் வங்கிக் கணக்கையும் மட்டுமாம்! பொருளை யாரும் பார்ப்பதே இல்லை. அப்படியானால் பாதுகாப்புக் கட்டணம் எதற்கு? பார்சல் வந்து சேராவிட்டால் மட்டும்தான் அது செல்லுமாம். இது கட்டணம் வாங்கும் பக்கத்தில் எங்கேயும் எழுதியில்லை.

இப்படி இழுத்தடித்துவிட்டு, இன்று காலை, ரிட்டர்ன் கேட்கும் காலம் முடிந்துவிட்டது என்று புகாரை மூடிவிட்டார்கள். பொருள் கைக்கு வந்த அன்றே நான் புகார் கொடுத்திருக்கிறேன்! காலத்தைக் கடத்தியது அவர்கள். பதினெட்டாயிரத்துக்குப் பதிலாக அடுத்த முறை வாங்கும்போது கமிஷனில் தள்ளுபடியாம், ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கூப்பன் வேண்டாம். என் பதினெட்டாயிரம் வேண்டும்.

விளம்பரத்தின் கீழே ‘இது பாலியெஸ்டர், லேபிள் வேறு துணியிலிருந்து எடுத்தது, ஏமாறாதீர்கள்’ என்று எழுதினேன். சமூக விதிகளை மீறுகிறது என்று நீக்கிவிட்டார்கள். அதே பெண் இப்போது பச்சையில் இதே வெட்டில் இன்னொரு கவுன் போட்டிருக்கிறார், 1956 என்று, அதே பாட்டி கதையோடு. அதனால்தான் ஆறப்போடாமல் இன்றைக்கே எழுதுகிறேன்.

விரிவாகச் சொல்ல நினைத்தேன், இப்போது மனசு நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவற்றைப் பாருங்கள். உள்பக்கத் தையலின் படத்தை வெளிச்சத்தில் எடுத்துக் கேளுங்கள், முடியாது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். லேபிள் மங்கலாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஜிப் உலோகம் என்பது மட்டும் போதாது, நாடாவில் பழைய ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துணியை இழுத்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள், நான் எடுத்ததால்தான் வங்கியில் காட்ட ஏதோ இருக்கிறது. நேரடியாக அனுப்பாமல் கார்டில் கட்டுங்கள். பச்சை முத்திரையை ஒரு பொருட்டாகவே எடுக்காதீர்கள்.

கார்டு கொடுத்த வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறேன், ஸ்கிரீன்ஷாட், வீடியோ எல்லாம் இணைத்து. பதில் வந்ததும் இங்கேயே கீழே சேர்க்கிறேன். பச்சைக் கவுனை யாராவது கேட்டு வைத்திருந்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள், என்னிடம் உள்ள படங்களை அனுப்புகிறேன்.