மீடியேட்டரா, மாடரேட்டரா? என் ஓட்டு மாடரேட்டருக்கு

அலுவலகம் போய்வரும் நேரம் கூடக் கூட வேலையை விடும் எண்ணமும் கூடுகிறதா? பகுதிநேர பிஎச்.டிக்கு நான் எடுத்த தலைப்பு இது. பெங்களூரில் அல்சூரிலிருந்து, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய்வருகிறவனுக்கு வேறென்ன தோன்றும்!

பயண நேரம், விடும் எண்ணம் இரண்டோடு மூன்றாவதாக எந்த மாறியை (அளந்து பார்க்கும் அம்சத்தை) சேர்ப்பது என்பதில்தான் இரண்டு மாதம் போனது. பயணம் ஆளைக் களைப்பாக்கி, அந்தக் களைப்பு வேலையை விடத் தூண்டினால், களைப்பு மீடியேட்டர். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்குப் பயணத்தின் பாதிப்பு குறைகிறது என்றால், அந்த நாட்களின் எண்ணிக்கை மாடரேட்டர். 1986இல் பேரன் (Baron), கென்னி (Kenny) என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரை பிரித்துக் காட்டியதும் இதைத்தான். மென்பொருளில் பெரிய வேறுபாடில்லை. இத்தகைய கணக்குகளுக்காக ஹேய்ஸ் எழுதிய பிராசஸ் (PROCESS) என்ற நிரலில் மாடரேட்டருக்கு மாடல் 1, மீடியேட்டருக்கு மாடல் 4.

எனக்கு முடிவைச் சொன்னது கால வரிசை. முதலில் பயணம், பிறகு களைப்பு, அதன் பிறகு விடும் எண்ணம் என்று நடந்தால்தான் மீடியேட்டர் கதை நிற்கும். என் கையில் இருந்ததோ ஒரே முறை நிரப்பி வாங்கிய படிவம். விடுவதென்று முடிவெடுத்தவருக்கு அதனாலேயே பயணம் களைப்பாகத் தெரியலாமே? முன்னோட்டமாக வாங்கிய படிவங்களில் களைப்பையும் விடும் எண்ணத்தையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு விதத்திலும் பூட்ஸ்ட்ராப் இடைவெளிக்குள் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து மதிப்பிடும் வரம்புக்குள்) சுழியம் விழவில்லை, அதாவது இரண்டு கதையும் தேறின. எதை நம்புவது? ஒரே நேரத்தில் எடுத்த தரவு மீடியேஷனைத் தவறாகக் காட்டக்கூடும் என்று மேக்ஸ்வெல், கோல் (Cole) என்ற ஆய்வாளர்கள் 2007இலேயே சொல்லிவிட்டார்கள். ஒழுங்காகச் செய்ய அதே ஆட்களிடம் இடைவெளி விட்டு மூன்று முறை கேட்க வேண்டும். இந்த ஊர் ஐடி ஆட்களிடமா? மூன்றாம் முறை போகும்போது பலர் கம்பெனி மாறியிருப்பார்கள். வேலையை விடுவதைப் பற்றிய ஆய்வில் விட்டுப்போனவர்களே காணாமல் போனால் மிச்சம் என்ன?

மாடரேட்டருக்கு இந்தச் சிக்கல் குறைவு. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைப் பெரும்பாலும் கம்பெனிதான் தீர்மானிக்கிறது, களைப்பு இல்லை. அதனால் ஒருமுறை கேட்டாலும் ஓரளவு தாங்கும். பயணம்தான் காரணம் என்று அப்போதும் அடித்துச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். இதற்கும் விலை உண்டு: மாடரேட்டரைச் சோதிக்கப் பயண நேரத்தையும் வீட்டு நாட்களையும் பெருக்கிச் சமன்பாட்டில் சேர்க்கும் உறுப்பின் விளைவு பொதுவாகச் சிறியது, அதைப் பிடிக்க நிறைய ஆட்கள் வேண்டும். 150 பேர் போதும் என்றிருந்தவன் 400க்கு அலைகிறேன்.

மீடியேட்டர், மாடரேட்டர் இரண்டையும் சேர்க்கும் பிராசஸ் மாடல் 7ஐ நான் தொட்டதில்லை, அதனால் அதற்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். களைப்புக் கேள்விகள் மட்டும் இன்னும் படிவத்தில் இருக்கின்றன. எடுக்க மனசு வரவில்லை.