கடலோர வீடு: தள்ளிக் கட்டுவதா, தூக்கிக் கட்டுவதா?

கடல் தண்ணீர் வீட்டுக்குள் புகாமல் இருக்க அரசு இரண்டு விதமாகச் சட்டம் போடலாம். தள்ளிக் கட்டு என்று சொல்லலாம், இல்லை தூக்கிக் கட்டு என்று சொல்லலாம். இந்தியாவும் இலங்கையும் தூரத்தை நம்பின. அமெரிக்கா உயரத்தை நம்புகிறது.

நம் சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டல) விதிகள் பெரும்பாலும் தூரக் கணக்குதான். ஊர்ப்புறத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை கட்டத் தடை இருந்தது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-ஐத் தாண்டும் இடங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆள் கூடினால் அலை அடங்கிவிடும் போலிருக்கிறது! பேஸ்மட்டம் எத்தனை அடி இருக்க வேண்டும் என்று இந்த விதி கேட்பதில்லை. தடைப் பகுதிக்கு அப்பால் கட்டும் வீடு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதில்தான் கறார்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசு ஒரு பேரம் வைத்தது. 200 மீட்டருக்கு உள்ளே சேதமடைந்த வீட்டை விட்டுக்கொடுத்தால் தள்ளிப் புது வீடு இலவசம். அங்கேயே இருக்கிறேன் என்றால் பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் உதவி கிடையாது. இலங்கை தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கோடு போட்டது. 2005 இறுதியிலேயே தளர்த்த வேண்டியதாயிற்று. ஃபைபர் படகின் எஞ்சினையும் வலையையும் தினமும் தோளில் சுமப்பவருக்கு 200 மீட்டர் சின்னத் தூரமல்ல. வாசலில் நின்று கடலைப் பார்த்துத்தான் அவர் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்.

அமெரிக்காவில் எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டம்தான் அளவுகோல். 3 அடிக்கு மேல் அலை அடிக்கும் பகுதி என்றால் வீடு தூண்மேல் நிற்க வேண்டும். அடித்தள உத்தரத்தின் அடிப்பக்கமே அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கீழே கார், படிக்கட்டு, தட்டுமுட்டுச் சாமான் மட்டும். அங்கே சுவர் வைத்தால் அலை மோதியதும் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வைக்க வேண்டும். சுவர் போனாலும் தூண் நிற்கும். இந்தக் குறைந்தபட்ச விதியை ஏற்காத ஊர்க்காரர்களுக்கு மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு கிடையாது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரம் அதற்கும் மேலே 3 அடி சேர்க்கச் சொல்கிறது. பழைய வீட்டையும் விடுவதில்லை: பழுதுச் செலவு வீட்டு மதிப்பில் பாதியைத் தொட்டால் புது விதிப்படி தூக்கியாக வேண்டும்.

அப்புறம், இதிலும் ஓட்டை உண்டு. வட கரோலினாவின் ரொடான்தியில் தூண்மேல் நின்ற வீடுகளே சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கடலில் சரிகின்றன. உயரம் சரிதான், கீழே இருந்த மணல்தான் போய்விட்டது. அங்கே காப்பாற்றியிருக்கக் கூடியது தூரம்தான்.

என்னைக் கேட்டால் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் புதிதாகப் போடும் மனைகளுக்குத் தூரவிதி வேண்டும், தளர்த்தவே கூடாது. தலைமுறைகளாக இருக்கும் மீனவக் குப்பங்களுக்கு உயரவிதி, அதோடு தூண் எழுப்ப அரசுப் பணமும். சென்னை அடுக்குமாடிகளில் ஸ்டில்ட், அதாவது தூண் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளம், ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது காருக்காக வந்தது. அதனால்தான் பல இடங்களில் ஈ.பி. மீட்டர் போர்டை இடுப்பு உயரத்தில் அதே ஸ்டில்ட்டில் மாட்டி வைக்கிறார்கள்.