கொதிக்க வைப்பதா, குளோரினா, பில்டரா?

மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் குறைந்ததும், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கும் கிணற்றைத்தான் நாடுகிறோம். ஆழமில்லாத கிணறு. மேட்டில் கக்கூஸ் குழி, பக்கத்தில் மாட்டுப்பட்டி. மழை பெய்தால் எல்லாம் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தும், மலம் கலந்ததைக் காட்டும் ஈ கோலை பாக்டீரியா இருக்கலாம். குடிக்கும் தண்ணீரில் 100 மில்லிலீட்டருக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் ஓட்டு கொதிக்க வைப்பதற்கே. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே கொதித்துவிடும். "மலையில் சூடு பத்தாது" என்று சிலர் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 70 பாகையைத் தாண்டினாலே பாக்டீரியா வேகமாகச் சாகும். நன்றாகக் கொப்பளித்து ஒரு நிமிடம் ஆனால் சரி. ஆனால் தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் கவ்வாத்து மிலாறு (விறகாக எரிக்கும், வெட்டிய தேயிலைக் குச்சி) நனைந்து புகைதான் வரும், கேஸ் விலையோ கேட்கவே வேண்டாம். அதைவிடப் பெரிய தொல்லை, ஆறிய தண்ணீருக்குக் காவல் இல்லாதது. பானைக்குள் கையோடு சேர்த்துக் கோப்பையை விட்டு மொண்டால் கிருமி திரும்ப வந்துவிடும். மூடிய, குழாய் வைத்த பாத்திரம்தான் வேண்டும்.

அந்தக் காவல் குளோரினிடம் உண்டு. அரை மணி நேரம் கழித்தும் லீட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிஞ்சி நின்றால், பிறகு விழும் கிருமியையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் கலங்கிய தண்ணீரில் குளோரினைச் சேறே தின்றுவிடும். கிணற்றுக்குள் தூளைக் கொட்டுவதிலும் ஒரு வில்லங்கம்: ஊற்று சுரந்துகொண்டே இருப்பதால் போட்ட குளோரின் சீக்கிரமே நீர்த்துப் போய்விடும். கிணறு இறைத்து, வெள்ளம் வடிந்த பிறகு ஒரு தடவை போடலாம், பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அளவு கேட்டு. அன்றாடத்துக்குக் குடத்தில் போடுவதே மேல்.

மெழுகுதிரி மாதிரி பீங்கான் வைத்த பில்டர் பாக்டீரியாவைப் பிடிக்கும். வைரஸ் அதைவிடச் சிறியது, நழுவிவிடும். 2007 இல் கம்பளை நகரில் பரவிய செங்கமாரி (மஞ்சள் காமாலை) வைரஸால் வருவதுதான். பீங்கானில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் பாக்டீரியாவும் போகும், கண்ணுக்கும் தெரியாது.

போத்தலை வெயிலில் வைக்கும் முறைக்கு நல்ல வெயில் 6 மணி நேரம் வேண்டும், மூட்டமென்றால் 2 நாள். நம் ஊர் பனிமூட்டத்துக்கு அது சரிப்படாது.

கிணற்றைச் சுற்றிக் கட்டும் சீமெந்துத் தளமும் இடுப்பளவுச் சுவரும் மேல் தண்ணீரைத் தடுக்கும். மேட்டுக் குழியிலிருந்து மண்ணுக்குள் கசிவதைத் தடுக்காது. அதற்குக் குழியைத்தான் இடம் மாற்ற வேண்டும். லயத்து நிலம் தோட்டத்துடையது என்பதால் அந்தப் பேச்சைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம்தான் தொடங்க வேண்டும்.