ஸ்பிதியா, ஸன்ஸ்காரா, முஸ்தாங்கா: மலை மடாலயங்களுக்கு நடந்து போக எந்த வழி?

ஸ்பிதியில் நடக்கத் தொடங்கிய நான்காம் நாள் மதியம் லாலுங் கிராமத்துக்குள் நுழைந்தபோது கோயில் பூட்டிக் கிடந்தது. எங்கள் கைடு பக்கத்துக் கிராமமான டெமுலைச் சேர்ந்தவர். பையை இறக்கி வைத்துவிட்டுப் பட்டாணி வயலுக்குள் இறங்கிப் போனார். கால்மணி நேரத்தில் ஒரு வயதான லாமாவோடு திரும்பினார். லாமாவின் கையில் மண், இடுப்பில் ஒரு சாண் நீளச் சாவி. கதவைத் திறந்து டார்ச் அடித்தால், பொன் பூசிய சுதைச் சிற்பங்கள் சுவர் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று காலையில் வேறொரு குழு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, வாசலில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். அவர்களோடு வந்த கைடு மணாலிக்காரர். சாவி யாரிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

இமயமலை மடாலயப் பயணங்களை விற்கும் பேக்கேஜ்களை ஒப்பிடும்போது எல்லாரும் நாள் கணக்கையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். என் கணக்கு வேறு. அந்த வழியில் இன்னும் நடப்பதற்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா? மடாலயத்தின் கதவு நமக்குத் திறக்குமா? விடியற்காலைப் பூசை நேரத்தில் நாம் அதன் பக்கத்தில் இருப்போமா? இந்த மூன்றையும் வைத்துத்தான் இமாசலத்தின் ஸ்பிதி, லடாக்கின் ஸன்ஸ்கார், நேபாளத்தின் மேல் முஸ்தாங் என்ற மூன்றையும் எடை போடுகிறேன்.

முதலில் உயரம். கடல் மட்டத்திலிருந்து கிளம்புகிற நமக்கு அதுதான் முக்கியம். மூன்றில் ஸ்பிதிதான் எளிது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு நாளின் நடையை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் இரவு எங்கே தூங்குகிறோம் என்று பாருங்கள். லாங்ஸா ஏறக்குறைய 4,400 மீட்டர், கோமிக் 4,500 மீட்டருக்கும் மேல். முஸ்தாங்கில் எல்லோரும் தேடிப் போகும் லோ மந்தாங் நகரமே 3,840 மீட்டர்தான். போகும் வழியில் 4,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் இருந்தாலும் தூங்குவதற்கு இறங்கிவிடுவோம். ஸன்ஸ்காரின் புக்தல் மடாலயமும் 3,850 மீட்டர் அளவில்தான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. என் முதல் ஸ்பிதிப் பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவுக்கு ஏற்றி, மறுநாளே லாங்ஸாவில் தங்க வைத்தார்கள். இரவெல்லாம் தலைவலி. கூட வந்தவர் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தார். விடிந்ததும் அவரைத் தாபோவுக்கு இறக்க வேண்டியதாயிற்று. இறங்கிய சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

அதனால் ஸ்பிதிக்குப் போவதென்றால் சிம்லா, கின்னௌர் வழியாகப் போங்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாகும், ஆனால் உடம்பு படிப்படியாகப் பழகும். கால்பா, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கிக் காஸா போய்ச் சேரலாம். மணாலி வழியை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிதியின் நடை லாங்ஸாவில் தொடங்கி, ஹிக்கிம், கோமிக், டெமுல், லாலுங் வழியாகத் தங்கரில் முடியும். ஐந்து நாள். லாங்ஸா, கோமிக் பக்கமெல்லாம் ஜீப் வந்துவிட்டது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கிராமத்துக்குக் கிராமம் போகும் பாதை சாலையை விட்டு விலகி, மேய்ச்சல் நிலங்களின் ஊடே ஓடுகிறது. கோமிக்கிலிருந்து டெமுல் போகும் நாளில் நாங்கள் பார்த்தது யாக்குகளையும் ஒரு மேய்ப்பரையும்தான். கூடாரம் வேண்டாம், கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம். டெமுலில் விருந்தினரை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டம்மா அடுப்பில் சாணி வறட்டி போட்டு, பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து கொடுத்தார். நம் ஊர்ச் சத்துமாவுக்கு உப்பும் வெண்ணெயும் சேர்த்தால் எப்படியிருக்கும், அந்த ருசி.

தங்கரில் நடை முடிந்ததும் பல பேக்கேஜ்கள் நேராக வண்டியைத் திருப்பிவிடும். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். தாபோவில் இரண்டு இரவு கேளுங்கள். 996இல் கட்டிய கோயில் அது. மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ கட்டியது, மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சங்போவின் காலத்தது. வெளியிலிருந்து பார்த்தால் மண் சுவர், வேறொன்றும் இல்லை. உள்ளே இருட்டு. கண் பழகப் பழக, ஆள் உயரச் சுதைச் சிற்பங்கள் சுவரின் பாதி உயரத்தில் மிதப்பதுபோல ஒவ்வொன்றாகத் தெரிய வரும். நடுவில் நான்கு உருவமாக வைரோசன புத்தர். அந்த மண்டபம் முழுவதும் ஒரே மண்டலம், அதாவது தெய்வங்களின் இருப்பிடத்தைக் காட்டும் கோலம். சுவரில் வரைந்த மண்டலத்தை வெளியே நின்று பார்ப்போமே, இங்கே அதற்குள்ளேயே நிற்கிறோம். இதைச் சொல்லித் தர ஆள் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நல்லதுதான்.

ஸன்ஸ்காருக்கு வருவோம். என் மனசு கிடப்பது இங்கேதான், அதனால் இதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸன்ஸ்காரின் முக்கிய ஊரான பதுமிலிருந்து ஷிங்கோ லா கணவாய் வழியாக இமாசலத்தின் தார்ச்சா வரை ஒரு வாரத்துக்கும் மேல் நடக்கிற பழைய புகழ்பெற்ற வழி இருந்தது. அந்தத் தடத்தை இப்போது சாலை விழுங்கிவிட்டது. 2024இல் லே பக்கத்து நிம்மு, பதும், தார்ச்சா மூன்றும் ஒரே சாலையில் இணைந்துவிட்டன. கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை வேலையும் நடக்கிறது. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு, பிரசவத்துக்கும் வைத்தியத்துக்கும் உறைந்த ஆற்றின் மேல் நடந்தவர்களுக்கு, அந்தச் சாலை வேண்டும். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ‘பதும் – தார்ச்சா மலையேற்றம்’ என்று இன்னமும் ஒரு பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள். லாரிப் புழுதியில் நடப்பீர்கள்.

மிச்சமிருப்பது புக்தல். சா அல்லது புர்னே வரை வண்டி, அதன் பிறகு ஆற்றை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. சில மணி நேர நடைதான், ஆனால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் கீழே பச்சையாய் ஓடும் ஆறு. ஒரு திருப்பத்தில், மலையின் வாய் போலத் திறந்த குகையும் அதிலிருந்து தேன்கூடு வழிந்து தொங்குவதுபோல வெள்ளை அறைகளும் தெரியும். புக் என்றால் குகை. குகைக்குள்ளே ஒரு ஊற்று இருக்கிறது. ஹங்கேரிக்காரரான சோமா கோரோசி 1820களில் இங்கே தங்கித் திபெத்திய மொழி படித்தார். அவர் தொகுத்த திபெத்திய ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் அச்சானது. அவர் பெயர் பொறித்த கல் இங்கே இருக்கிறது. பின்னால் அவர் படிப்பைத் தொடர்ந்த கானம் மடாலயம், நான் மேலே சொன்ன கின்னௌர் பக்கத்தில்தான் இருக்கிறது.

புக்தலைக் காலையில் போய் மாலையில் திரும்பும் கணக்கில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். இரவு தங்குங்கள். நாங்கள் தங்கிய அன்று விடியுமுன் சங்கு ஊதினார்கள். இருட்டில் படிக்கட்டைத் தடவித் தடவி ஏறினோம். சின்னப் பையன்கள் பெரிய தேநீர்க் கெண்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டே போனார்கள். ஒருவன் பாதித் தூக்கத்தில் பாராயணம் செய்தான். பக்கத்தில் இருந்த லாமா அவன் முட்டியை மெதுவாகத் தட்டினார், குரல் மறுபடி உயர்ந்தது. சுற்றுலாவுக்காக நடக்கும் எதுவும் அங்கே இல்லை. இன்னும் நடக்க ஆசையிருந்தால் புக்தலுக்கு அப்பால் ஷாதே கிராமம் பக்கம் போகலாம். அதற்குக் கூடாரம், குதிரை, அந்தப் பள்ளத்தாக்கையே சேர்ந்த கைடு மூன்றும் வேண்டும். 2015 மே மாதம், நிலச்சரிவால் அடைபட்டிருந்த இதே ஆறு உடைத்துக்கொண்டு வந்து பாலங்களை அடித்துக்கொண்டு போனது. பாதை எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

லே நகருக்கு விமானத்தில் போனால் நேராக 3,500 மீட்டரில் இறங்குவீர்கள். இரண்டு முழு நாள் அங்கே சும்மா படுத்திருக்க வேண்டும். அதைப் பேக்கேஜில் சேர்க்காதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

முஸ்தாங் மூன்றிலும் செலவு அதிகம். தடை செய்யப்பட்ட பகுதியாக இருந்து 1992இல் வெளியாருக்குத் திறந்தது. தனி அனுமதிச் சீட்டு வேண்டும்; நீண்ட காலம் அது முதல் 10 நாளுக்கு ஒருவருக்கு 500 டாலராக இருந்தது. விதிகள் மாறுவதால், பதிவு செய்யும் நாளின் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம் என்பதால் இதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? ஓவியம். மண் மதில் சூழ்ந்த லோ மந்தாங் நகருக்குள் 15ஆம் நூற்றாண்டின் ஜம்பா, துப்சென் கோயில்கள். ஜம்பாவின் சுவர்களில் மண்டலங்கள் வரிசை வரிசையாக. அரைத்த கனிமத்தில் செய்த நீலமும் பச்சையும் இன்றும் ஈரம் காயாததுபோல இருக்கின்றன. நூற்றாண்டுகளின் புகையும் கசிவும் கெடுத்த சுவர்களை வெளிநாட்டு நிபுணர்கள் வந்து சீர்செய்தபோது, லோ என்ற அந்தப் பகுதியின் மக்களையே பழக்கி வேலையில் அமர்த்தினார்கள். பிறகு ஒரு விவாதம் எழுந்தது: அழிந்துபோன பகுதிகளைப் புதிதாக வரைந்து நிரப்பலாமா? கலை வரலாற்றாளர் சிலர் கூடாது என்றார்கள். பாதி முகம் அழிந்த புத்தரை எப்படி வணங்குவது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பின்னமான மூர்த்திக்குப் பூசை செய்யக் கூடாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு ஊர்க்காரர்கள் பக்கம் நிற்பதில் தயக்கமே இல்லை. கும்பிடுவதற்காக வரைந்த சுவர் அது.

நடையில் முஸ்தாங்குக்கும் ஸன்ஸ்காரின் நோய்தான். ஜீப் சாலை லோ மந்தாங் வரை வந்துவிட்டது. தப்பிக்க வழி உண்டு: போகும்போது பழமையான கர் கோம்பா (மடாலயம்) வழியாகவும், திரும்பும்போது காளி கண்டகியின் கிழக்குக் கரையில் யாரா, தாங்கே வழியாகவும் நடப்பது. யாரா பக்கத்தில் லூரி என்ற குகைக் கோயில், அதற்கும் சாவிக்காரரைத் தேட வேண்டும். பாதி பேக்கேஜ்கள் இந்தக் கிழக்குக் கரையை விட்டுவிட்டு ஜீப்பில் திருப்பி அனுப்புகின்றன. முற்பகலுக்கு மேல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று முகத்தில் மணலை அறையும்; விடிந்ததும் நடக்கத் தொடங்கும் கைடு கிடைத்தால் பாதித் தொல்லை போயிற்று.

முஸ்தாங்குக்குப் பெரிய சௌகரியம் பருவம். அன்னபூர்ணா, தவளகிரி மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் ஜூன், ஜூலையிலும் நடக்கலாம். நம் பள்ளி விடுமுறை மே மாதம் என்றால் மூன்றில் இதுதான் சரி. மூன்று நாள் தீஜி திருவிழாவும் பெரும்பாலும் அந்த வாக்கில் வரும். ஸ்பிதிக்கும் ஸன்ஸ்காருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை.

பூடானும் எவரெஸ்ட் பக்கத்துத் தெங்போச்சே மடாலயமும் கேட்பீர்கள். பூடானில் இந்தியருக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம், மலை நடைக்குக் கைடு கட்டாயம், எல்லாம் ஒழுங்கு. பாரோவிலிருந்து திம்புவுக்கு நடக்கும் ட்ருக் பாதை அழகானது, ஆனால் ஏரியும் காடும்தான் அதில் அதிகம். தெங்போச்சே 1934 நிலநடுக்கத்திலும் 1989 தீயிலும் அழிந்து மீண்டும் எழுந்த இடம், மரியாதைக்குரியது. அந்த வழியில் கூட்டம் அதிகம். மடாலயத்துக்காகவே போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, யாருக்கு எது? முதல் முறை போகிறவர், ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறவர் ஸ்பிதிக்குப் போகலாம், உயரத்துக்கு நாள் ஒதுக்கினால். வேறு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு மடாலயத்தில் மூன்று நாள் இருக்க வேண்டும் என்பவருக்குப் புக்தல். ஓவியம் தெரிந்தவருக்கும், ஏறும் உயரம் பற்றிப் பயப்படுகிறவருக்கும் முஸ்தாங். எங்கே போனாலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கைடு எந்த ஊர்க்காரர், எத்தனை இரவு மடாலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குகிறோம், எந்தெந்த நாளின் பாதை ஜீப் சாலை. மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிறவரை நம்பலாம்.

வயதான அப்பா அம்மாவும் வருகிறோம் என்றால் முஸ்தாங்கிலேயே இன்னொரு வழி. அவர்கள் ஜோம்சோமிலிருந்து வண்டியில் முக்திநாத் வரை வரட்டும். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் தேடி வரும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று அது. அங்கே அணையாச் சுடர் எரியும் சன்னிதியைப் பௌத்தப் பெண் துறவிகள்தான் பராமரிக்கிறார்கள். என் அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, “தீபாராதனைத் தட்டு இல்லையே, தட்சணையை யாரிடம் கொடுப்பது?” என்று கேட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த துறவி சிரித்துக்கொண்டே பக்கத்தில் இடம் விட்டார், இருவரும் வெயிலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுநாள் காலை மேல் முஸ்தாங்கின் வாசலான காக்பேனியிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினேன்.