லோதார் பாதை: விழுந்த காட்டின் ஊடே ஒரு நடை

ஜெர்மனியின் கருங்காட்டு மலைத்தொடரில், 500ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள லோதார் பாதையின் நீளம் ஏறத்தாழ 800 மீட்டர்தான். 1999 டிசம்பர் 26 அன்று மேற்கு ஐரோப்பாவைத் தாக்கிய லோதார் புயலில் சாய்ந்த காட்டில் சுமார் 10 ஹெக்டேரை, மரங்களை அப்புறப்படுத்தாமலும் கன்றுகள் நடாமலும் விட்டுவிட்டு, அதனூடே பலகைகளாலும் படிகளாலும் ஏணிகளாலும் வழி அமைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். நான் இரண்டு மணி நேரம் இருந்தேன்.

என்னை நிறுத்திவைத்தவை வேர்கள். ஈரமான இந்த மலைமண்ணில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் படர்வதால், மரம் சாயும்போது மண்ணும் கல்லும் வேரோடு பெயர்ந்து சுவர்போல எழுந்து நிற்கின்றன. காலப்போக்கில் அந்தச் சுவர் மழையில் கரைந்து மேடாகிறது. பெயர்ந்த இடம் குழியாகவே இருக்கிறது. வெறும் மண் வெளிப்பட்ட இத்தகைய இடங்களில்தான் காற்று கொண்டுவந்த பிர்ச் மர விதைகளும், பறவைகளின் எச்சத்தில் வந்த, சிவப்புப் பழம் தரும் ரோவன் மரத்தின் விதைகளும் முளைக்கின்றன. மட்கிப்போன தண்டுகளின் மீது ஸ்புரூஸ் கன்றுகள் ஒரே வரிசையில் வளர்கின்றன. நட்டதுபோல் நேராக நிற்கும் அவ்வரிசைக்குக் காரணம், அடியில் கிடக்கும் அந்தத் தண்டே.

இப்படி விட்டுவைப்பது எளிய முடிவன்று. சாய்ந்த ஸ்புரூஸ் மரங்களில் பெருகும் பட்டை வண்டு அடுத்து நிற்கும் மரங்களையும் கொல்லும் என்பதால், மரத்துக்காக வளர்க்கும் காடுகளில் அவற்றை விரைந்து அகற்றுவதே வழக்கம். கருங்காடு இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் அந்தப் புயலில் சுமார் 3 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. உடனே விற்கமுடியாத கட்டைகளை அடுக்கி, கெடாமலிருக்க இடைவிடாமல் நீர் தெளித்துக் காத்தார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவே ஒரு துண்டுக் காட்டைத் தொடாமல் விட்டவர்களை நான் மனமார மதிக்கிறேன். 2014 முதல் இப்பகுதி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

பழைய ஒளிப்படங்களில் காணும் வெட்டவெளியை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறக்கூடும். இளமரங்கள் தலைக்கு மேல் அடர்ந்துவிட்டன. விழுந்த மரங்கள் பலவும் பாசிக்குள் அமிழ்ந்துவிட்டன. தொலைவைப் பார்க்கப் பார்வைமேடைதான் வழி. எனக்கோ அந்த அடர்த்தியே இங்கு காணவேண்டிய காட்சியாகப் பட்டது. படிகளும் ஏணிகளும் இருப்பதால் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இப்பாதை ஏற்றதன்று. மழை பெய்தால் பலகைகள் வழுக்கும், பிடிமானமுள்ள காலணி அவசியம். ரோவன் பழங்கள் சிவந்திருக்கும் செப்டம்பரில் சென்றால், புயலுக்குப் பிறகு வந்த மரங்கள் எவை என்பது தொலைவிலிருந்தே தெரியும்.