லிங்க்ட்இன் பதிவு: தினமும் ஒன்றா, வாரம் இரண்டா, மாதம் ஒன்றா?

லிங்க்ட்இனில் எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். தினமும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்பார் ஒருவர். வாரத்துக்கு இரண்டு மூன்று போதும் என்பார் இன்னொருவர். மாதம் ஒன்று எழுதினாலும் உருப்படியாக எழுதுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்று வழியிலும் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழுநேர வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாரம் இரண்டுதான் சரி.

எக்ஸ் தளத்துக்குச் சொல்லும் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. அங்கே ஒரு பதிவின் ஆயுள் பெரும்பாலும் சில மணி நேரம்தான், அதனால் ஒரே நாளில் ஐந்தாறு போடுவதில் அர்த்தம் உண்டு. லிங்க்ட்இன் ஃபீட், அதாவது திறந்ததும் நம் கண்முன் வரும் பதிவுகளின் வரிசை, நேர வரிசையில் மட்டும் ஓடுவதில்லை. செவ்வாய்க்கிழமை போட்டது வெள்ளிக்கிழமை ஒருவர் கண்ணில் படுவது அங்கே சகஜம். ஒருவர் பதிவின் மேல் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுப்பதாக அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2020-ல் எழுதினார்கள். அறிவும் ஆலோசனையும் தரும் பதிவுகளுக்கு ஃபீடில் முன்னுரிமை தருவதாக 2023-ல் நிறுவனம் சொன்னது. ஆக, எத்தனை முறை வந்தோம் என்பதைவிட, வந்தபோது நின்று படித்தார்களா என்பதுதான் முக்கியம்.

தினசரிப் பதிவுக்கு நியாயமான பக்கம் ஒன்று இருக்கிறது. எழுதும் கை பழகும். எந்த விஷயத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பது சீக்கிரம் பிடிபடும். தனியாகத் தொழில் செய்யும் கன்சல்டண்ட், ட்ரெய்னர், ஆள் எடுத்துத் தரும் ரெக்ரூட்டர், ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஆகியோருக்கு வேலையே அங்கிருந்துதான் வருகிறது என்றால், தினமும் எழுதுவது தொழிலின் ஒரு பகுதி. அவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

மற்றவர்களுக்கு நேரக் கணக்கு இடிக்கும். ஒரு பதிவை ஒழுங்காக எழுத முக்கால் மணி நேரம், வரும் கமெண்ட்டுகளுக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் என்று வையுங்கள். வாரம் ஐந்து என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமையே ஐந்தையும் எழுதி ஷெட்யூல் பண்ணிவிடலாம் என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் கமெண்ட் வரும் நேரத்தில் நாம் மீட்டிங்கில் இருப்போம். கேள்வி கேட்டவருக்கு மறுநாள் பதில் போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல், சரக்கு தீர்ந்துபோவது. முதல் இரண்டு வாரம் மனதில் சேர்ந்திருந்தது எல்லாம் வரும். அதற்கப்புறம் என்ன எழுதுவது? தலைமைப் பண்புக்கு ஐந்து குணங்கள், திங்கட்கிழமை ஊக்கமொழி, ஏஐ எழுதிக் கொடுத்த அறிவுரை என்று கை போகும். நல்ல எஞ்சினியர்கள் பலர் தங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை விட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தினமும் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

வாரம் இரண்டு என்றால் இந்தக் கஷ்டம் இல்லை. திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசரை, அதாவது பனியன் கம்பெனியில் ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசிவரை பார்த்துக்கொள்பவரை, எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் அவர் மேஜைக்கு வரும் பிரச்சினைகளில் எழுதத் தகுந்தவை எப்படியும் இரண்டு இருக்கும். உதாரணத்துக்கு ஒன்று: டி-ஷர்ட்டின் உடல் துணியும் கழுத்துப் பட்டியான ரிப்பும் தனித்தனியாக டையிங் ஆகி வருகின்றன. பல வகை வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சமான டி65-இல் வைத்தால் இரண்டும் ஒரே நிறம். ஐரோப்பியக் கடைகளின் ட்யூப் லைட் வெளிச்சமான டிஎல்84-க்கு மாற்றினால் ரிப் தனியாகத் தெரிகிறது. இரண்டுக்கும் வேறு வேறு சாயக் கலவை போயிருக்கிறது. லேப் டிப் எனும் சாய மாதிரித் துணி கேட்கும்போதே முதல் வெளிச்சம் எது, இரண்டாவது வெளிச்சம் எது என்று டையிங் யூனிட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது.

இதை அவர் எப்படி எழுத வேண்டும்? லிங்க்ட்இன் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடும். அதனால் முதல் வரியே ‘பகல் வெளிச்சத்தில் ஒரே நிறம், கடை வெளிச்சத்தில் இரண்டு நிறம்’ என்று இருக்கட்டும். அடுத்து என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி ஆர்டர் ஷீட்டில் என்ன எழுதப்போகிறோம். பையர் பெயரும் ஸ்டைல் நம்பரும் வேண்டாம். 3,000 எழுத்து வரை இடம் உண்டு, இதற்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. இப்படி ஒரு பதிவு போட்டால் படிக்க வருவது டையிங் மாஸ்டர், குவாலிட்டி மேனேஜர், பையிங் ஆபீஸ் ஆட்கள். அவருடைய அடுத்த வேலையோ அடுத்த ஆர்டரோ அந்த வட்டத்திலிருந்துதான் வரும்.

வாரம் ஒன்று மட்டும் எழுதினால் குறைவா? குறைவில்லை. ஆனால் கற்றுக்கொள்வது மெதுவாகும்: வருடத்துக்கு 52 பதிவுகள்தான், அதில் பாதி சரியாகப் போய்ச் சேராது. எது எடுபடுகிறது என்று புரியவே மாதங்கள் ஆகிவிடும். குழந்தை வளர்ப்பு, ஷிஃப்ட் வேலை என்று இருப்பவர்களுக்கு இதுவே போதும்.

மாதம் ஒன்று என்பதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், சிப் டிசைன் எஞ்சினியர் போன்றவர்களின் அன்றாட வேலையில் பாதிக்கு மேல் வெளியே சொல்லக் கூடாதது. ரகசிய ஒப்பந்தமோ நோயாளியின் அந்தரங்கமோ குறுக்கே நிற்கும். அவர்கள் வாரம் இரண்டு எழுத முயன்றால் ஒன்று எல்லை தாண்டுவார்கள், இல்லை பொதுப்படையாக எழுதுவார்கள். மாதம் ஒருமுறை ஆழமாக ஒரு விளக்கம், நடுநடுவே அதே துறைக்காரர்களின் பதிவுகளில் கமெண்ட் என்பதே இவர்களுக்குப் பொருந்தும். கமெண்ட்டை இங்கே பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கமெண்ட் எழுதினால் நம் பெயருக்குக் கீழே நம் பணி விவரமும் சேர்ந்தே தெரிகிறது. ‘அருமை சார்’ என்று போடாமல், ‘எங்கள் யூனிட்டில் இதே பிரச்சினையை இப்படித் தீர்த்தோம்’ என்று நான்கு வரி எழுதினால், அந்தப் பதிவைப் படிக்கும் அத்தனை பேர் முன்னாலும் நாம் நிற்கிறோம்.

கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளியே வந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒவ்வொரு ஆன்லைன் சான்றிதழுக்கும் ஒரு பதிவு தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் பதிவு, அதில் எந்த இடத்தில் கோட் ஓடவில்லை, எப்படிச் சரிசெய்தோம் என்ற விவரம். மற்ற நாட்களில் கமெண்ட்.

வேலை போய்த் தேடிக்கொண்டிருப்பவர்களின் நிலை வேறு. அப்போது வாரம் மூன்று என்று கூட்டிக்கொள்ளலாம், வேலை கிடைத்ததும் குறைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் எழுதுவதே மனதுக்குத் தெம்பு தருகிறது என்றால் அதுவும் நல்ல காரணம்தான். அதே சமயம், வேலையில் இருந்துகொண்டே தினமும் காலை பத்து மணிக்குப் பதிவு போடுகிறவரைப் பற்றி மேனேஜர் என்ன நினைப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் அது சின்ன விஷயமில்லை.

சிறு நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனி தன் பக்கத்தில் தினமும் பண்டிகை வாழ்த்துப் படம் போடுவதைவிட, முதலாளி தன் சொந்தக் கணக்கில் வாரம் ஒருமுறை, திரும்பி வந்த மோட்டாரின் கம்பிச்சுருள் ஏன் எரிந்தது என்று எழுதுவது மேல். டீலர்கள் படிப்பார்கள்.

வாரம் இரண்டு என்று தொடங்குகிறவர்கள் செவ்வாய், வியாழன் என்று நாளை நிச்சயித்துக்கொண்டு, எட்டு வாரம் விடாமல் எழுதிப் பாருங்கள். இத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைத் தள்ளிவையுங்கள். ப்ரொஃபைலை வந்து பார்த்தவர்கள் எந்தத் துறை, எந்த நிறுவனம், உள்பெட்டிக்கு வந்த செய்திகளில் வேலை சம்பந்தப்பட்டவை எத்தனை என்று பாருங்கள். அந்த எட்டு வாரமும் எழுத விஷயம் மிச்சம் இருந்துகொண்டே இருந்தால் மூன்றாக்குங்கள். புதன்கிழமை இரவு என்ன எழுதுவது என்று தேடத் தொடங்கிவிட்டால் வாரம் ஒன்றுக்கு இறங்கிவிடுங்கள்.