டோக்கியோவில் மூன்று ஆண்டு: ஓர் இரும்பு அச்சும் ஒரு பை மாவும்

மதுரைக்காரன் டோக்கியோவில் உட்கார்ந்துகொண்டு மெக்சிகோ சாப்பாட்டுக்கு ஏங்குவது விநோதம்தான். "ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினா ஒரு அர்த்தம் இருக்கு. அடுத்தவங்க ஊர்ச் சாப்பாட்டுக்குமா ஏங்குவீங்க?" என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். ஆனால் என் நாக்குக்கு அது அடுத்தவர் ஊர் இல்லை. வேலைக்கென்று வீட்டை விட்டு நான் போன முதல் ஊர் ஹூஸ்டன், அமெரிக்காவில் மெக்சிகோவை ஒட்டிய டெக்சாஸ் மாநிலத்தில். ஏழு வருடம் அங்கே இருந்தேன். காலையில் பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு வண்டி நிற்கும். உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்த டாக்கோ இரண்டு வாங்கி, அலுமினியத் தாளைப் பிரித்து, காருக்குள்ளேயே தின்றுவிட்டு அலுவலகம் போவேன். உள்ளே இருந்தது ஏறக்குறைய நம் வீட்டு உருளைக்கிழங்குப் பொரியல்தான். அதைச் சுற்றியிருந்த மக்காச்சோள ரொட்டி, அந்த டோர்ட்டியா, அதுதான் வேறு.

2022-இல் டோக்கியோவுக்கு மாற்றல். நாங்கள் குடியேறியது நிஷி-கசாய். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி, ஆகவே புளி, பெருங்காயம், கறிவேப்பிலை எதற்கும் குறை இல்லை. இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது, எனக்குக் குறைவது சாம்பார் இல்லை என்று.

முதல் அரை வருடம் கடைகளிலேயே கழிந்தது. டாக்கோ பெல் என்கிற அமெரிக்கத் துரித உணவு நிறுவனம் 2015-இலேயே டோக்கியோவின் ஷிபுயாவில் கடை திறந்திருக்கிறது, அதையும் பார்த்தாயிற்று. நகரத்தில் நல்ல மெக்சிகோ உணவகங்கள் சிலவும் உண்டு, சமைப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஒன்றில் சாப்பிட்ட டாக்கோ ஹூஸ்டனில் நான் தின்ற பலவற்றைவிட மேல். ஆனால் மூன்று டாக்கோவுக்கு அவர்கள் போட்ட பில்லைப் பார்த்த பிறகு, வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். மாதம் ஒரு முறை போகலாம். தினமும் காலையில் தின்று பழகிய வாய்க்கு மாதம் ஒரு முறை எந்த மூலைக்கு?

நடுவில் ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவா தீவுக்குப் போனபோது டாக்கோ ரைஸும் சாப்பிட்டோம். கின் என்கிற ஊரில், அமெரிக்க மரீன் முகாமின் வாசலருகே 1984-இல் பிறந்த பண்டம் அது: சோற்றின் மேல் மசாலா போட்ட கொத்துக்கறி, முட்டைக்கோஸ் மாதிரி ஒரு கீரை, சீஸ், தக்காளி. பிள்ளைகள் இரண்டாவது தட்டு கேட்டார்கள். எனக்கும் பிடித்தது. ஆனால் டாக்கோ என்று பெயர் வைத்துவிட்டு ரொட்டியை எடுத்துவிட்டால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகுதான் வீட்டில் இறங்கினேன். முதல் முயற்சி பெரிய தோல்வி. மக்காச்சோள மாவுதானே என்று இந்தியக் கடையில் பஞ்சாபிகள் ரொட்டிக்கு வாங்கும் மாவை வாங்கி வந்தேன். பிசைந்தால் சேரவில்லை. சேர்ந்ததைத் தட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. கல்லில் போட்டுத் திருப்பினால் நாலு துண்டு. அதே வாரம் கறுப்பு பீன்ஸ் என்று நினைத்து வாங்கிய குரோமாமேயை ஊறவைத்து, குக்கரில் எட்டு விசில் விட்டேன். வெந்தது, ஆனால் மசியவே இல்லை. பையில் இருந்த எழுத்தை அலுவலக நண்பரிடம் காட்டியபோது சிரித்தார். அது கறுப்பு சோயா. புத்தாண்டுக்குச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துச் சாப்பிடுவார்களாம். ஜப்பானில் இருக்கிற யாரும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ராஜ்மா வாங்குங்கள், அது போதும்.

மாவு ஏன் சேரவில்லை என்பதற்கு விடை சுண்ணாம்பு. மெக்சிகோவில் முற்றிய மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவித் தள்ளிவிட்டுத்தான் அரைக்கிறார்கள். இதற்கு நிஷ்டமால் என்று பெயர். சுண்ணாம்பு பட்டால் தோல் கழல்கிறது, அரைத்த மாவுக்குப் பசை வருகிறது. நாம் பச்சரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்தால் வரும் பிடிப்பு மாதிரி, இன்னும் கூடுதலாக. இன்னொன்றும் நடக்கிறது: மக்காச்சோளத்தில் உடம்புக்கு ஒட்டாமல் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்கிற வைட்டமின் விடுபடுகிறது. இந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளாமல் சோளத்தை மட்டும் எடுத்துப்போன வட இத்தாலியிலும், பிறகு அமெரிக்கத் தென் மாநிலங்களிலும், ஏழைகள் பெல்லாக்ரா நோயில் விழுந்தது இதனால்தான். ஹூஸ்டன் வண்டியில் நான் மயங்கிய அந்த மணம் இருக்கிறதே, மழை பெய்த மண்ணும் வெந்த சோளமும் கலந்தாற்போல, அது சுண்ணாம்பின் வேலை. சல்சா என்கிற தக்காளிச் சட்னி, சீஸ், அவகாடோ எல்லாம் சேர்ந்தாலும் அது வராது.

அதற்கப்புறம் வாங்கியவை இரண்டு. ஒன்று, இப்படிப் பக்குவம் செய்து உலர்த்தி அரைத்த மாவு. நான் வாங்குவது மசேக்கா. இறக்குமதிப் பொருள் விற்கும் இணையக் கடையில் கிடைக்கிறது. விலை ஹூஸ்டனில் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு, வார்ப்பிரும்பு டோர்ட்டியா அச்சு. 20 செ.மீ. அகலம், கிட்டத்தட்ட 3 கிலோ எடை. இரண்டு வட்டத் தட்டு, ஒரு கீல், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் சாமான். நம் ஊர்ப் பூரி அச்சைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதன் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை சுலபம். இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் தண்ணீர், கால் ஸ்பூன் உப்பு. பொட்டலத்தில் என்ன போட்டிருந்தாலும் நான் நல்ல வெதுவெதுப்பான தண்ணீர்தான் விடுகிறேன். ஈரத் துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும். இதை அவசரத்தில் விட்ட நாளெல்லாம் ஓரம் வெடித்திருக்கிறது. சின்ன எலுமிச்சை அளவு உருட்டினால் பதினாறு வரும். தட்டில் ஒட்டாமலிருக்க இரண்டு பிளாஸ்டிக் தாள் வேண்டும். ஊரில் என்றால் பால் கவரைக் கழுவி வெட்டினால் ஆயிற்று, தட்டைக்கும் அதிரசத்துக்கும் அம்மா அதைத்தான் வைத்திருப்பார். இங்கே பால் அட்டைப் பெட்டியில் வருகிறது. ஆகவே ஃபிரீஸர் பையின் இரு பக்கங்களையும் வெட்டி வைத்திருக்கிறேன்.

அச்சின் முதல் குறை முதல் நாளே தெரிந்தது. கீல் பக்கம் மெல்லிசாகவும் கைப்பிடிப் பக்கம் தடிப்பாகவும் வருகிறது. ஒரு தடவை மெதுவாக அழுத்தி, அரை வட்டம் திருப்பி, மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். பலத்தைக் காட்ட வேண்டாம். நான் காட்டினேன். பதினான்காம் மாதம் கீலின் ஊசி வளைந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன், உதிரிப் பாகம் இல்லை என்று பதில் வந்தது. பக்கத்து ஹோம் சென்டரில் அதே தடிமனில் ஒரு போல்ட்டும் நட்டும் வாங்கிப் போட்டேன். சில நூறு யென் செலவு. இன்றுவரை அசையவில்லை, உண்மையில் பழைய ஊசியைவிட உறுதி.

இரண்டாவது குறை துரு. ஜூன் மாதம் ஜப்பானில் மழைக்காலம் தொடங்கினால் அலமாரிக்குள் வைத்த செருப்பே பூசணம் பிடிக்கும். தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரி எண்ணெய் தடவிச் சூடாக்கி வைத்தும், முதல் வருடம் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். இப்போது கழுவுவதே இல்லை. துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிவிடுகிறேன்.

ஆனால் என்னை அதிகம் சோதித்தது அச்சு இல்லை, அடுப்பு. ஜப்பானில் 2008 அக்டோபர் முதல் வீட்டு எரிவாயு அடுப்புகளில் சூட்டை உணரும் கருவி கட்டாயம். பர்னர் நடுவே ஒரு பொத்தான் துருத்திக்கொண்டு பாத்திரத்தின் அடியைத் தொடும். காலிக் கல்லைக் காயவைத்தால், ஏதோ தீய்கிறது என்று நினைத்துத் தானே தீயைக் குறைக்கும், அப்புறம் அணைத்தே விடும். டோர்ட்டியாவுக்கு வேண்டியதோ எண்ணெய் இல்லாமல் நன்றாகக் காய்ந்த கல். இங்கே தோசை ஊற்றும் எல்லோருக்கும் இந்தச் சண்டை தெரிந்திருக்கும். வரம்பை உயர்த்த ஒரு பட்டன் உண்டு, என் அடுப்பில் ஒரு பர்னருக்கு மட்டும். அதை அழுத்தினாலும் நாலாவது ரொட்டிக்குள் தீ சுருங்கிவிடும். கடைசியில் காசெட் அடுப்பு வாங்கினேன். எரிவாயுக் குப்பியைப் பக்கத்தில் செருகி, குளிர்காலத்தில் ஜப்பானியர்கள் மேஜை மேல் வைத்துக் குழம்பு கொதிக்கவைக்கும் சின்ன அடுப்பு அது. அதற்கு இந்தக் கருவி இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அகலமான கல்லை வைக்காமல், கவனமாகப் பயன்படுத்துகிறேன். பெரிய கல் எரிவாயுக் குப்பியின் மேல் நீட்டிக்கொண்டால் அந்தக் குப்பி சூடாகும், அது ஆபத்து. ரொட்டி முதல் பக்கம் இருபது நொடி, மறுபக்கம் ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். உப்பினால் அன்றைக்கு எல்லாம் சரி என்று அர்த்தம். சுட்டதும் துணியில் சுற்றி ஹாட்பாக்கில் போட வேண்டும். பத்து நிமிடம் தன் ஆவியிலேயே கிடந்தால்தான் மடித்தால் உடையாத பதம் வரும்.

ஒரு முறை மாவு இரண்டு மாதம் கையிருப்பில் இல்லை என்று கடை சொன்னபோது நிஷ்டமாலையே வீட்டில் செய்து பார்த்தேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை ஊரிலிருந்து வரவழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், விடை தெருமுனையில் இருந்தது. கொன்யாக்கு என்று ஒரு கிழங்குப் பண்டம் இங்கே உண்டு, ரப்பர் மாதிரி இருக்கும். அதைக் கட்டியாக்கச் சேர்ப்பது சமையலுக்கான சுண்ணாம்புத் தூள், கால்சியம் ஹைட்ராக்சைடு. சின்னப் பொட்டலமாக விற்கிறார்கள். உலர்ந்த மக்காச்சோளம் என்று கையில் கிடைத்தது பாப்கார்ன் மணிதான். ஒரு கிலோவுக்கு 10 கிராம் சுண்ணாம்பு. கொதி வந்த ஐந்தே நிமிடத்தில் வீடெல்லாம் ஹூஸ்டன் மணம். கண்ணை மூடிக்கொண்டு அடுப்படியில் நின்றேன் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அரைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஹூஸ்டனிலிருந்து கொண்டுவந்த 110 வோல்ட் வெட் கிரைண்டர் இங்குள்ள 100 வோல்ட்டில், அதுவும் டோக்கியோவின் 50 ஹெர்ட்ஸில், ஏற்கெனவே சோம்பேறி. இட்லி மாவுக்குத் தண்ணீர் விடலாம், இதற்கு விட்டால் ரொட்டி தட்ட வராது. விடாவிட்டால் கல் நின்றுவிடும். பாப்கார்ன் மணியும் சரியான ரகமில்லை, அவ்வளவு கெட்டி. முக்கால் மணி நேரம் போராடி, கொழகொழவென்று வந்ததில் டப்பாவின் அடியில் கிடந்த கடைசி மசேக்காவைச் சேர்த்து ஒப்பேற்றினேன். சுவை? மூன்று ஆண்டில் நான் செய்ததிலேயே ஆகச் சிறந்த டோர்ட்டியா அதுதான். மறுபடி செய்யவில்லை. செய்யவும் போவதில்லை.

மேலே வைப்பதற்கு இந்த அளவு கஷ்டம் இல்லை. ஜப்பானில் விற்கும் அவகாடோவில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்தே வருகிறது. இந்த விஷயத்தில் என்னைவிட அது அதிர்ஷ்டசாலி, ஊர் விட்டு வந்தும் மதிப்புக் குறையவில்லை. கொத்தமல்லிக்கு இங்கே பக்குச்சி என்று பெயர், சூப்பர் மார்க்கெட்டில் நாலு தண்டைப் பையில் போட்டு நகை மாதிரி விற்பார்கள். இந்தியக் கடையில் கட்டாக வாங்குகிறேன். வற்றிய குவாஹியோ மிளகாய்க்குப் பதில் காஷ்மீரி மிளகாய், நிறம் அப்படியே வரும், அந்தப் பழப் புளிப்பு வராது. சல்சாவுக்கு ஒரு உபாயம்: ஜப்பானிய அடுப்பின் கீழே மீன் சுடும் சின்னக் கிரில் இருக்கும். தக்காளி, வெங்காயம், மிளகாயை அதில் தோல் கருகும்வரை சுட்டு அரைத்தால் அருமை. இங்குள்ள தக்காளி இனிப்பு என்பதால் எலுமிச்சையைக் கூட்டிப் பிழிய வேண்டும். பன்னீரை உதிர்த்து உப்புப் போட்டால் மெக்சிகோவின் புதுச் சீஸுக்கு ஓரளவு ஈடு. சொரிசோ என்று பெயர் பார்த்து வாங்கிவிடாதீர்கள், இங்கே அது காரமான சாஸேஜ். மெக்சிகோவில் உதிர்த்து வதக்குகிற வேகாத இறைச்சி.

அச்சு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாரம் ஒரு முறையாவது செய்வீர்கள் என்றால் வாங்குங்கள். மாதம் ஒரு முறைதான் என்றால் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே உருண்டையை வைத்து, அடிகனமான பாத்திரத்தால் அழுத்தினாலே போதும், நான் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் மாவில் சிக்கனம் பார்க்காதீர்கள். அச்சு இல்லாமல் டாக்கோ உண்டு, அந்த மாவு இல்லாமல் இல்லை. மாவைப் பிரித்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வண்டு வரும். அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குமேல் அச்சை மூடும்போது கையை வைத்து மெதுவாக இறக்குங்கள். கீழ்வீட்டுப் பாட்டியிடம் நான் ஒரு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அடுத்த நாள் நாலு டோர்ட்டியாவோடு.

போன தீபாவளிக்கு மனைவி தட்டை போட்டாள். விரலால் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து போய் செய்தித்தாளைப் பிரித்து அச்சை எடுத்து வந்தாள். ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது தட்டை, எல்லாம் ஒரே அளவு. "இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே," என்றாள். மூன்று ஆண்டில் அந்த அச்சைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை டாக்கோவைக் கடித்தால் பெருங்காயம் மணத்தது. பிளாஸ்டிக் தாளை மாற்ற மறந்திருக்கிறேன்.